வீடியோ தானாக நிற்பதா, நாம் நிறுத்துவதா?

பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் கணித டீச்சர் ஒருவர் போன மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். பயிற்சிப் பட்டறை ஒன்றில் இரண்டு வகை வீடியோக்களைக் காட்டினார்களாம். ஒன்று திரைப்பதிவு: கணினித் திரையிலோ போன் திரையிலோ நாம் எழுதுவதையும் வரைவதையும் நம் குரலோடு சேர்த்துப் பதிவு செய்வது. மற்றது ஊடாடும் வீடியோ: ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று கேள்வி கேட்கும், பிள்ளை பதிலைத் தொட்ட பிறகுதான் மேலே போகும். "சேர், எனக்குக் கிடைக்கிறது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும்தான். இரண்டில் எதைப் பழகினால் பிரயோசனம்?" என்று கேட்டார். அதற்குள் மஸ்கெலியா பஸ் வந்துவிட்டது. "யோசித்துச் சொல்கிறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அந்த யோசனைதான் இது.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோதுதான் நானும் இதில் இறங்கினேன். நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகெதர' பாடங்கள் தமிழில் ஓடிய காலம். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை ஏறிய படங்கள் பத்திரிகைகளில் வந்த காலம். அன்றிலிருந்து அறுபதுக்கு மேல் திரைப்பதிவுகள், பதினைந்து போல ஊடாடும் வீடியோக்கள் செய்திருக்கிறேன். அவற்றில் பாதியை இன்று யாருக்கும் காட்டமாட்டேன். மீதிப் பாதியை வைத்துத்தான் பேசுகிறேன்.

எந்த மென்பொருள் நல்லது என்றுதான் நெடுநாள் தேடிக்கொண்டிருந்தேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: வீடியோ ஓடும் நேரத்தில் கருவி யார் கையில் இருக்கும்? ரிமோட் ஆசிரியர் கையிலா, டெப் ஒரு குழுவின் நடுவிலா, போன் பிள்ளையின் சொந்தமா, இல்லை கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவின் போனா? இந்த நாலும் நாலு வேறு வகுப்பறைகள். அதற்கு வருவதற்கு முன் இரண்டு வகையையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

குரலும் கோடும்

திரைப்பதிவுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. 2020இல் வந்த அண்ட்ரொய்ட் 11 முதல் திரையைப் பதிவு செய்யும் வசதி போனுக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு கறுப்புப் பக்கம், வெள்ளை, மஞ்சள் எழுத்து, நம் குரல். சல்மான் கான் 2004இல் தூரத்தில் இருந்த தன் உறவுக்காரப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, பிறகு யூடியூபில் போட்டு உலகம் முழுக்கப் போன பாடங்களும் இந்த மாதிரிதான். முகம் இல்லை, மேசை இல்லை, எழுதும் கோடு மட்டும். அதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. அச்சடித்த ஸ்லைடைப் பார்ப்பதைவிட எழுத்து எழுத்தாக உருவாகும் வரியைப் பிள்ளை கூடுதல் கவனத்தோடு பார்க்கிறது.

இதை நான் அனுபவத்தில் மட்டும் சொல்லவில்லை. 2014இல் பிலிப் குவோவும் இரண்டு சகாக்களும் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் வீடியோ பார்க்கப்பட்ட 69 இலட்சம் தடவைகளின் பதிவை ஆராய்ந்தார்கள். கையால் எழுதிக் காட்டும் பாடங்களில் ஸ்லைடுகளைவிடக் கூடுதல் நேரம் மாணவர் நின்றார்கள். இன்னொன்றும் தெரிந்தது: வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரி மாணவர் தங்கியது 6 நிமிடத்துக்கு மேல் இல்லை.

என் முதல் பதிவு 22 நிமிடம். இருபடிக் கோவைகளின் காரணிகள். பாடவேளை 40 நிமிடம், அதைப் பாதியாக்கிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. அதை வட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினேன். மறுநாள் கொப்பிகளைப் படம் எடுத்து அனுப்பினார்கள். வகுப்பில் கெட்டிக்காரி உட்பட முக்கால்வாசிப் பேர் இரண்டாவது கணக்கில் ஒரே இடத்தில் ஒரே பிழை விட்டிருந்தார்கள். கழித்தல் வர வேண்டிய இடத்தில் கழித்தல் இல்லை. பார்த்து எழுதிவிட்டார்கள் என்று கோபம் வந்தது. பிறகு சந்தேகப்பட்டு, அனுப்பிய வீடியோவை நானே போனில் இறக்கிப் பார்த்தேன். திரையிலும் கழித்தல் குறி இல்லை! வட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கியதில் அந்த மெல்லிய கோடு கரைந்துபோயிருந்தது. பிள்ளைகள் கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து தடித்த பேனை, பெரிய எழுத்து. அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் 'டொக்கியுமன்ட்' என்ற வழியில் அனுப்புவேன், அப்போது சுருக்காது. ஆனால் அதற்கு முன் நாமே சுருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: பதிவின் வேகத்தை நொடிக்கு 2500 கிலோபிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 எம்பி ஆகும். 6 நிமிடப் பாடம் 112 எம்பி. அதையே 500 கிலோபிட் என்று வைத்தால் 23 எம்பிக்குள் அடங்கிவிடும். கறுப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்துக்கு 500 தாராளம், ஏனென்றால் திரையில் பெரும்பகுதி அசைவதே இல்லை. ரீலோட் போட்டு டேட்டா வாங்கும் வீட்டுக்கு 112க்கும் 23க்கும் உள்ள வித்தியாசம், பாடத்தைப் பார்ப்பதா விடுவதா என்ற வித்தியாசம்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் மழை. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை ஆசிரியர் விடுதித் தகரத்தில் ஓயாத தாளம். விடியற்காலை நாலரைக்கு எழும்பி, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பதிவு செய்திருக்கிறேன். மனைவி இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார். செலவில்லாத வழி, வயரோடு வரும் பழைய இயர்போனின் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசுவதுதான்.

திரைப்பதிவு எங்கே கரும்பலகையை வெல்கிறது என்றால், அசையும் இடத்தில். வட்ட வில்லொன்று மையத்தில் எதிரமைக்கும் கோணம், அதே வில் பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்ற தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் நான் ஒரு படம் வரையலாம், மிஞ்சிப்போனால் மூன்று. ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் பரிதியில் இருக்கும் புள்ளியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகலாம். புள்ளி ஓடுகிறது, முக்கோணம் சாய்கிறது, நீள்கிறது. கோணம் மட்டும் 40 பாகையிலேயே நிற்கிறது. மையத்தில் 80. தரம் 11 பிள்ளைகள் முதன்முறை பார்த்தபோது பின்வரிசையில் ஒருவன், "சேர், இன்னும் கொஞ்சம் இழுங்க, மாறும்" என்றான். மாறவில்லை. நிறுவலை எழுதுவதற்கு முன் அதை நம்ப வைக்க எனக்கு 40 விநாடி போதுமாக இருந்தது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடமும் அப்படித்தான். விரிதாளில் எந்தக் கட்டத்தைச் சொடுக்கி எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்பதை வாயால் விளக்குவதைவிடத் திரையைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

கவராயம் பிடித்து அமைப்பு வரைவதற்கு மட்டும் நான் திரைப்பதிவு செய்வதில்லை. போனைக் குவளை மேல் கவிழ்த்து வைத்துக் கையைப் படம் எடுக்கிறேன். கவராயத்தின் ஊசி நழுவும் இடம் திரையில் தெரியாது, கையில்தான் தெரியும்.

நின்று கேட்கும் வீடியோ

ஊடாடும் வீடியோவைப் பற்றி இரண்டு மூன்று பெயர்கள் அடிபடும். எட்பஸில் என்ற தளத்தில் யூடியூப் வீடியோ ஒன்றை எடுத்து நடுநடுவே கேள்வி செருகலாம். இலவசக் கணக்கில் வைத்திருக்கும் வீடியோ எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. எச்5பி என்பது நோர்வேயிலிருந்து வந்த திறந்த மூலக் கருவி. மூடில் என்ற இணைய வகுப்பறைத் தளங்களுக்குள் இப்போது கூடவே வருகிறது. இணையம் இல்லாமல் கணினியிலேயே எச்5பி செய்ய லூமி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நான் லூமியில்தான் பழகினேன்.

இதன் உண்மையான பலம் கேள்வி கேட்பதில் பாதிதான். பிழையான பதிலுக்கு என்ன நடக்கிறது என்பதில் மறுபாதி. 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் தரம் 6இல் பாதி வகுப்பு 2/5 என்று சொல்லும். மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு. எச்5பியில் 2/5ஐத் தொட்ட பிள்ளையை மட்டும் வீடியோவின் வேறொரு இடத்துக்கு அனுப்பலாம். நான் அங்கே ஒரு ரொட்டியை வைத்திருக்கிறேன். அரை ரொட்டி சாப்பிட்டாய், அப்புறம் மூன்றில் ஒரு பங்கும் சாப்பிட்டாய், இப்போது நீ சாப்பிட்டது அரை ரொட்டியைவிடக் கூடவா குறைவா? 2/5 அரையைவிடக் குறைவு. அந்த இடத்தில் பிள்ளைக்குத் தானாக ஒரு சிரிப்பு வரும். சரியான பதிலைத் தொட்டவர்கள் ரொட்டியைப் பார்க்காமலே அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். 38 பேர் உள்ள வகுப்பில் இதை நான் பலகையில் செய்ய முடியாது.

ஆனால் அந்த 2/5 எனக்கு எங்கிருந்து கிடைத்தது? பல வருடம் கொப்பி திருத்தியதில். பிழையான தெரிவுகளைச் சும்மா வாயில் வந்த எண்களாகப் போட்டால் பிள்ளை பார்த்தவுடன் ஒதுக்கிவிடும், கேள்வி வீண். புதிதாக வந்த ஆசிரியருக்கு ஊடாடும் வீடியோவில் கஷ்டமான பகுதி மென்பொருளைப் பழகுவதில் இல்லை. எந்தப் பிழை வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருப்பதில் இருக்கிறது.

நேரமும் பிடிக்கும். 6 நிமிடத் திரைப்பதிவுக்கு எனக்கு ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் நாலு கேள்வி வைத்து, பிழைக்கு வழி போட்டு, சோதித்துப் பார்க்க இன்னும் இரண்டு மணித்தியாலம். ஒரு ஞாயிறு பின்னேரம் அப்படியே போய்விடும்.

"சொந்தமாகச் செய்யாமல், இருக்கும் வீடியோவில் கேள்வியை மட்டும் செருகினால் என்ன?" என்று கேட்கலாம். விஞ்ஞானப் பாட சகோதர ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் தொடங்கினார். தமிழில் நல்ல விளக்க வீடியோக்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கேதான் சிக்கல். அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை, நம் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு. ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. இவையாவது பரவாயில்லை, வேறு சொல் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆபத்தானது 'வேகம்'. அங்கே தூரத்தை நேரத்தால் வகுப்பது வேகம், திசையோடு சொன்னால் திசைவேகம். இங்கே முதலாவது கதி, இரண்டாவதுதான் வேகம். ஒரே சொல், இரண்டு பொருள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை, தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே பிழையாக எழுதும்.

அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. கேள்விகளைக் குறைத்துவிட்டு, அந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் வீடியோவை நிற்க வைத்து ஒரு சின்னக் குறிப்புப் போட்டார்: 'இவர் வேகம் என்பது நமக்குக் கதி.' ஊடாடும் வீடியோவை இப்படி மொழிபெயர்ப்பாளராக வேலை வாங்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. யூடியூப் இணைப்பாக இருப்பதால் இணையம் இருந்தால்தான் ஓடும் என்பது மட்டும் குறை.

வீட்டுக்கு அனுப்பிய ஊடாடும் வீடியோவில் நான் பட்டது வேறு. லூமியிலிருந்து ஒரே கோப்பாக எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் சில போனில் திறக்கும், சில போனில் வெள்ளைத் திரை வரும். திறந்தாலும் பதில்கள் பிள்ளையின் போனோடு நின்றுவிடும், எனக்கு வராது. ஒருமுறை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்று வந்து நின்ற ஒருவனிடம் அதே கேள்வியைப் பலகையில் போட்டேன். முழித்தான். "அண்ணன் தட்டினாரு சேர், வீடியோ நகரல்லன்னு" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். நகராத வீடியோவை நகர்த்துவதுதான் அந்த வீட்டில் வேலையாக இருந்திருக்கிறது.

ரிமோட்டை அமுக்கினால்

2013இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஸ்புனரும் இரண்டு சகாக்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். 21 நிமிடப் புள்ளிவிபரவியல் விரிவுரை வீடியோவை நாலு துண்டாக்கினார்கள். ஒரு சாராருக்கு ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் சின்னச் சோதனை, மற்றவர்களுக்குக் கடைசியில் மட்டும். நடுவே சோதனை இருந்தவர்களின் மனம் அலைந்தது மற்றவர்களோடு பார்த்தால் ஏறக்குறைய பாதி. குறிப்பெடுத்ததும் கூட, கடைசியில் நினைவில் நின்றதும் கூட.

இதில் நான் கவனித்தது, அங்கே வேலை செய்தது துண்டும் கேள்வியும். பாய்ந்து வரும் பொத்தானோ வண்ணமோ அல்ல. அப்படியானால் சாதாரணத் திரைப்பதிவையே வகுப்பில் ஓடவிட்டு, ஆசிரியர் நிறுத்திக் கேட்டால்?

அதைத்தான் இப்போது அதிகம் செய்கிறேன். 32 அங்குல டீவி, அதன் பின்னால் பென்டிரைவ், கையில் ரிமோட். மல்டிமீடியா புரொஜெக்டரை நான் விட்டு நெடுநாளாகிறது. யன்னல் வெளிச்சத்தில் படம் மங்கும், மலையின் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், விளக்கு போனால் மாற்ற ஆள் இல்லை. (முன்பு நான் இருந்த பாடசாலையில் அன்பளிப்பாக வந்த ஸ்மார்ட் போர்ட் ஒன்று, அழுக்காகிவிடும் என்று அதிபர் அறையில் துணி போர்த்தியபடி இரண்டு வருடம் இருந்தது. அழுக்காகவில்லை, உண்மைதான்.)

வீடியோ ஓடும். நான் முன்பே குறித்து வைத்த இடத்தில் நிறுத்துவேன். பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளைத் தாள், அதன் மேல் எழுதி அழிக்கும் பேனை, எல்லாருக்கும் ஒன்று. பதிலை எழுதித் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஒரு பார்வையில் 38 பதிலும் தெரியும். 2/5 எத்தனை பேர் என்று எண்ணத் தேவையில்லை, கண்ணே சொல்லிவிடும். அதைப் பார்த்து அந்த நிமிடத்திலேயே தீர்மானிக்கலாம்: மேலே போவதா, ரொட்டியை எடுப்பதா. முன்கூட்டியே செருகிய கேள்விக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அது கேட்க வைத்ததை மட்டும்தான் கேட்கும்.

தாளில் எழுதச் சங்கடப்படும் வகுப்புக்கு ப்ளிக்கர்ஸ் அட்டைகள் நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வடிவம் அச்சடித்த ஒரு காகித அட்டை, நாலு பக்கத்துக்கு நாலு பதில். பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும், ஆசிரியர் போனின் கமராவால் வகுப்பை ஒருதரம் நோட்டம் விட்டால் யார் எதைச் சொன்னார் என்று பதிவாகிவிடும். பக்கத்துப் பிள்ளைக்கு இவர் பதில் என்ன என்று விளங்காது. கருவி ஒன்றே ஒன்று, அதுவும் ஆசிரியருடையது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்து பிரிஸ்டல் போர்டில் ஒட்டினால் இரண்டு மூன்று வருடம் தாங்கும்.

யார் கையில்

ரிமோட் உங்கள் கையில் என்றால் திரைப்பதிவு போதும், ஊடாடும் வீடியோவுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். மேலே சொன்னதுதான்.

குழுவின் நடுவில் ஒரு டெப்போ பழைய மடிக்கணினியோ இருந்தால் என் தீர்ப்பு தலைகீழ். தோட்டப் பாடசாலைகளில் படித்தவர்களுக்கும் படிப்பித்தவர்களுக்கும் தெரியும்: ஒரே நீள மண்டபம், இடுப்பளவு சுவர், இந்தப் பக்கம் தரம் 4, அந்தப் பக்கம் தரம் 5, நடுவில் ஒரே டீச்சர். அவர் ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் சும்மா. அங்கே தானாக நின்று கேட்கும் வீடியோ ஓர் உதவி ஆசிரியர் மாதிரி. ஐந்து பேர் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்தால், கேள்வி வந்தவுடன் சண்டை தொடங்கும். இது இல்லை, அது. ஏன் அது? தொடுகிற விரல் ஒன்றுதான் என்பதால் தொடுவதற்கு முன் பேசியே ஆக வேண்டும். தனித்தனியாக ஐந்து டெப் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. அதனால் கருவி குறைவு என்று அங்கே கவலைப்பட வேண்டியதில்லை. விரலை மட்டும் கேள்விக்குக் கேள்வி மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே கெட்டிக்காரன் முழுவதையும் முடித்துவிடுவான். இணையமும் தேவையில்லை, லூமியில் செய்து, வீடியோவையும் உள்ளேயே சேர்த்து, கோப்பாக மடிக்கணினியில் வைத்தால் ஓடும். மின்வெட்டுக்கும் பற்றரி கொஞ்ச நேரம் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததைப் பார்த்தவர்கள் இந்த ஒரு வசதியைச் சின்னதாக நினைக்கமாட்டார்கள்.

உயர்தர மாணவர்களில் பலரிடம் சொந்தப் போன் உண்டு. அவர்களுக்கு ஊடாடும் வீடியோ கொடுப்பதாக இருந்தால் ஒரே நிபந்தனை: பதில்கள் உங்களிடம் வந்து சேர வேண்டும், வந்ததை நீங்கள் பார்க்க வேண்டும். மூடில் போன்ற ஒரு தளம் இருந்தால் வரும். இணையம் பலவீனமான பாடசாலையில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கணினியில் மூடிலை இணையமில்லாமல் ஓட்டும் மூடில்பொக்ஸைப் போட்டு, ஒரு அறைக்குள் மட்டும் வைஃபை பரப்பிச் செய்யலாம். பதில்கள் அதற்குள்ளேயே பதிவாகும். ஒருமுறை 24 பேரில் 19 பேர் மூன்றாவது கேள்வியில் விழுந்திருந்தார்கள். அடுத்த நாள் பாடவேளை முழுவதும் அந்த ஒரு கேள்விதான். அந்தப் பட்டியலைப் பார்க்க நேரமில்லை என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், இந்த வேலையில் இறங்காதீர்கள். யாரும் பார்க்காத கேள்வியைப் பிள்ளைகள் இரண்டு கிழமையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக அம்மாவின் போன். அப்பா கொழும்பில் கடையில் வேலை, போன் அவரோடு. வீட்டில் இருப்பது ஒன்று. அம்மா மலையிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து முடிக்க ஏழு மணி. லயத்தில் அந்த நேரம் மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டுப்பாடம். ஆளுக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. இங்கே திறக்காமல் அடம்பிடிக்கும் கோப்பை அனுப்புவது பாவம். 4 நிமிடச் சாதாரணத் திரைப்பதிவு, 500 கிலோபிட், கேள்விகள் வகுப்பிலேயே கொடுத்துவிட்ட ஒரு துண்டுத்தாளில். வீடியோவுக்குள் குரலாலேயே "இப்போது நிறுத்து, இரண்டாவது கேள்வியைச் செய்" என்று சொல்வது. பிள்ளை நிறுத்துமா? சில பிள்ளை நிறுத்தும், சில பிள்ளை நிறுத்தாது. துண்டுத்தாள் மறுநாள் காட்டிக்கொடுக்கும். பாடசாலைக்கு வரும் அம்மாமாரிடம் பென்டிரைவிலோ புளூடூத்திலோ கொடுத்துவிட்டால் டேட்டாவும் மிச்சம்.

இவ்வளவையும் போன கிழமை அந்த டீச்சருக்குப் போனில் சொன்னேன். உங்கள் பாடசாலையில் டீவி இருக்கிறது, டெப் இல்லை, வீடுகளில் ஒரு போன். அதனால் முதல் இரண்டு தவணைக்குத் திரைப்பதிவு மட்டும் பழகுங்கள் என்றேன். அந்த இரண்டு தவணையும் பிள்ளைகள் தூக்கிக் காட்டும் பிழைகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், ஊடாடும் வீடியோவுக்குப் போகும் நாளில் உங்கள் தெரிவுகள் அந்தக் கொப்பியில் தயாராக இருக்கும் என்றும் சொன்னேன்.

ஞாயிறு இரவு அவருடைய முதல் பதிவு வந்தது. பின்னங்களை ஒப்பிடுதல், 4 நிமிடம். பின்னணியில் தகரத்தில் மழை, எங்கோ ஒரு சேவல். மூன்றாவது நிமிடத்தில் பேச்சை நிறுத்தி, "இப்ப நிப்பாட்டுங்க பிள்ளைகளே, கொப்பியில போட்டுப் பாருங்க" என்கிறார். அதற்குப் பிறகு திரையில் ஒன்றும் அசையவில்லை. நிறுத்தாத பிள்ளைக்காக அவரே பத்து விநாடி காத்திருக்கிறார், மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அது எனக்குத் தோன்றாத வேலை.

கோப்பு 75 எம்பி. கிலோபிட்டைக் குறைக்க மறந்துவிட்டார். அதை மட்டும் பதிலில் எழுதி அனுப்பினேன்.